பயிற்றுநரும் ஒரு மாணவரே

உங்களுக்கு ஓடக் கற்பிக்கும் பயிற்றுநர் எவ்வாறு கற்கிறார் என்பதை அறிவீர்களா?

மலேசியாவில் பயிற்றுநர்களுக்கு மூன்று நிலைச் சான்றிதழ்கள் உள்ளன. விளையாட்டு அறிவியலும் ஆட்ட நுட்பமும் அவற்றிற்குரிய பாடங்களாகும். ஆயினும், சான்றிதழோடு அவர்தம் கல்வி முடிவதில்லை.

ஒருமுறை அஞ்சலோட்டத்தில் நம் மாணவர் கோலைத் தவறவிட்டனர். அவர்களைக் கடிந்துகொண்டோம். பின்னர், மூத்த பயிற்றுநர் ஒருவரிடம் கேட்டோம். முன்னவர் எவ்விடத்தை எட்டும்போது கோலைப் பெறுபவர் ஓடத் தொடங்கவேண்டும் எனத் தரையில் அடையாளமிட்டுப் பழக்காதது நம் பிழையே என உணர்ந்தோம்.

விதிகளும் மாறுகின்றன. 4×100 மீட்டர் அஞ்சலோட்டத்தில் 20 மீட்டராக இருந்த கோல் மாற்றும் எல்லை, 2017-இல் 30 மீட்டராக்கப்பட்டது. இதனை அறியாதவர் பழைய பாடத்தையே புகட்டுவார்.

படித்தும், கேட்டும், தம் பிழையை ஒப்புக்கொண்டும் கற்பவரே நல்ல பயிற்றுநர். ஆதலின், ஐயம் எழுந்தால் அஞ்சாது கேளுங்கள். உங்கள் வினாவும் அவருக்கு ஒரு பாடமே.