நம் ஊர் எந்த மாவட்டம்?

எட்டாம் வகுப்பில் நீதித்துறைப் பாடம் வரும்போது இராஜபாளையம் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: "டீச்சர், கலெக்டர் ஆபீஸ் விருதுநகர்ல இருக்கு. மாவட்டக் கோர்ட் மட்டும் ஏன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கு?"

நான் உடனே விடை சொல்வதில்லை. பள்ளியின் பழைய பதிவேடுகளின் மேலட்டைகளை மட்டும் காட்டுவேன். ஊர் ஒன்றுதான், மாவட்டத்தின் பெயர் வேறு வேறு. வீட்டுப் பத்திரம் கொண்டுவரச் சொல்வதை நான் விரும்புவதில்லை. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை என்ன கொண்டுவரும்? வழக்கு நடக்கும் வீடுகளும் உண்டு.

1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. அவ்வாண்டு மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. அதன் ஆட்சியர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில், அதாவது மாவட்டத்துக்கு வெளியே! 15.3.1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. இடையில் காமராசர் மாவட்டம் என்று வழங்கி, 1997இல் மீண்டும் விருதுநகர் ஆனது. முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இயங்குகிறது.

இரண்டும் ஒரே ஊரில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆங்கிலேயர் காலத்தில் வரி வசூலித்த கலெக்டரே குற்ற வழக்கையும் விசாரித்தார். அரசமைப்பின் 50ஆம் உறுப்பு, நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது. மாவட்ட நீதிபதி ஆட்சியருக்குக் கீழே இல்லை, உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார். பாடத்தின் உயிர் இந்த இடம்தான். இங்கே ஒரு பிரிவேளை கூடுதலாகச் செலவிடலாம்.

உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு முன்பு சென்னைக்குத்தான் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தது. இரண்டு தூரங்களையும் வரைபடத்தில் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள்.