பறிமுறை: பால் பல் விழுதலும் நம் இல்லத்து வழக்கமும்

குழந்தைக்குப் பெயர் சூட்டவும், முடி களையவும், ஓத வைக்கவும் உறவினரை அழைத்து விருந்து வைக்கிறோம். ஆனால் அக்குழந்தை தன் பல்லை முதன்முதலாக இழக்கும் நாளுக்கு அழைப்புமில்லை, விருந்துமில்லை. அன்றைக்குப் பாட்டி ஒருவர் இருந்தால் போதும்.

இச்சிறு நிகழ்வையும் பழந்தமிழர் கூர்ந்து நோக்கியுள்ளனர் என்பதற்குக் குறுந்தொகையின் 337ஆம் பாடல் சான்றாகிறது. பொதுக்கயத்துக் கீரந்தையார் பாடிய அப்பாடலில், தலைவி பருவம் எய்தியதைக் கூறும் தலைவன், கூந்தல் தழைத்துத் தாழ்ந்ததோடு பற்கள் விழுந்து முளைத்து நிரம்பியதையும் ஓர் அடையாளமாகச் சொல்கிறான். விழுந்து முளைக்கும் அவ்வொழுங்கைப் ‘பறிமுறை’ என்னும் ஒரு சொல்லில் புலவர் அடக்கிவிடுகிறார். பால் பற்கள் 20. ஏறத்தாழ 6 வயதில் உதிரத் தொடங்கி 12 வயதளவில் முடிகின்றன. அடியில் வளரும் புதுப்பல் மேலெழுகையில் பழைய பல்லின் வேர் கரைந்துவிடுவதால், அது வேரின்றி அரிசி மணிபோல் கையோடு வருகிறது.

சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில், விழுந்த பல்லைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவர். எம் இல்லத்தில் நன்னிமா சாணத்திற்கு மாறாக ஈரக் களிமண்ணை எடுப்பார். ஒளுச் செய்த கையால் சாணம் தொடுவது அவருக்கு ஒவ்வாது. உருண்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “பிஸ்மி சொல்லி எறி கண்ணு” என்பார். ஓட்டின்மேல் ஒட்டிக்கொண்டால் நல்ல பல் முளைக்கும். உருண்டு விழுந்தால் மீண்டும் எறிய வேண்டும். பல் விழுந்த இடத்தை நாவால் துழாவினால் தெற்றுப்பல் முளைக்கும் என்ற அச்சுறுத்தலும் உடன் வரும். அடுத்த வீட்டு அம்மையார் தம் பேரனுக்குச் சாணத்தில்தான் உருட்டித் தருவார். எறிந்த ஓட்டுச் சார்ப்பு இரு வீட்டுக்கும் பொது.

இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டா என வினவும் பெரியவர்கள் உளர். முறையான வினாவே. அரபு நாடுகளில் பல்லைச் சூரியனை நோக்கி எறிந்து நல்ல பல் கேட்கும் பழக்கம் இருந்தது. இலங்கையில் அணிலிடம் கேட்பர். ஸ்பெயினில் 1894ஆம் ஆண்டளவில், எட்டு வயது மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்காக லூயிஸ் கொலோமா எழுதிய கதையில் எலி வந்து பல்லைப் பெற்றுச் செல்கிறது. அணிலும் எலியும் வாழ்நாள் முழுதும் முன்பல் வளரும் உயிர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நன்னிமாவோ சூரியனிடமும் கேட்கவில்லை, அணிலிடமும் கேட்கவில்லை. இறைவன் பெயரைச் சொல்லச் செய்தார், அவ்வளவே. வாயில் குருதி கண்டு அஞ்சி அழும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்து அச்சம் போக்கிய வழக்கமாகவே இதனை யான் கருதுகிறேன். ஓட்டுக் கூரைகள் போய்த் தளக்கட்டடங்கள் வந்தபின் பல் தீப்பெட்டிக்குள் கிடக்கிறது.

எனினும், அவ்வெறிதலில் வேண்டப்பட்டது ஒன்று உண்டு: வெண்மையான பல். நம் பகுதியில் அதுவே எளிதன்று. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. நிலைப்பற்களின் மேற்பூச்சு ஈறுக்குள்ளேயே, பெரும்பாலும் 8 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அவ்வாண்டுகளில் இந்நீரைப் பருகிய குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை தோன்றக்கூடும். தேய்த்தாலும் போகாது. நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு நீங்காது.

பாடம் படிக்க எழும் மாணவியர் சிலர் வாயைக் கையால் மறைத்துக்கொள்வதை நெடுநாள் நாணம் என்றே எண்ணியிருந்தேன். ஒருத்தி மட்டும், “எங்கள் ஊர்த் தண்ணீர் ஐயா” என்றாள். அவள் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. ஒரு பல்லும் விழவில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கிணற்று நீரைச் சோதித்துத் தருவார்கள் என்று சொல்லி, மறுநாள் ஒரு புட்டியில் எடுத்துவரச் சொன்னேன்.