கடைசிப் பத்து மீட்டருக்கு ஒரு கருவி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பிருந்தா,

ஒளித்து வைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் கொண்டு தேடும் விளையாட்டுக்காக நீ அனுப்பிய மூன்று லிங்க்கையும் திறந்து பார்த்தேன். மூன்றாவது கருவி உன் முதல் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும் போலிருக்கிறதே! "எது பெஸ்ட் சித்தப்பா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். நானும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இரண்டு மாதம் எதையும் வாங்காதே, அதற்கப்புறமும் ஆசை அடங்கவில்லை என்றால், உள்ளே திசைகாட்டி இருக்கிற, டபுள் ஏ செல்லில் ஓடுகிற மலிவான ஒன்றை வாங்கு. அவசரமாக ஆர்டர் போடப் போகிறவள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கிற பிருந்தாவுக்குத்தான் மிச்சக் கடிதம்.

இரண்டு மாதம் பொறுக்கச் சொல்வது உன் ஆசையைத் தள்ளிப்போட இல்லை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஒரு சின்ன ஊரைச் சுற்றியே நூற்றுக்கணக்கில் பெட்டிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அப்படி இல்லை. செயலியில் பெங்களூரைத் திறந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி தெரியும். அவற்றிலும் எல்லாம் உயிரோடு இருக்கும் என்று நம்பாதே. பெருக்குகிறவர் குப்பையோடு அள்ளியிருப்பார். பெட்டி இருந்த சுவரையே சாலை அகலப்படுத்த இடித்திருப்பார்கள். கடைசியாகக் கண்டுபிடித்தவர் எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கமெல்லாம் போனிலேயே வரும். கப்பன் பூங்காவுக்கும் லால்பாகுக்கும் போன் தாராளமாகப் போதும்.

போன் கைவிடும் இடம் வேறு. சாவனதுர்காவின் பாறையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் முகத்தில் அறையும்போது போன் திரையில் ஒன்றும் தெரியாது. வியர்வைக் கையோடு தொட்டால் வேறெங்கோ தாவும். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி பாதியாகிவிடும். இறங்கி வந்து வீட்டுக்குக் கூப்பிட வேண்டிய போனை ஏறும்போதே தீர்த்துவிடுவது புத்திசாலித்தனமா? கையடக்கக் கருவியின் திரை வெயில் பட்டால் இன்னும் தெளியும். பட்டனை மழையிலும் அழுத்தலாம். காசு கொடுப்பது இதற்குத்தான்.

துல்லியத்துக்காகக் கொடுப்பதாக நினைக்காதே. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே கலங்கடித்துத்தான் பொதுமக்களுக்கு விட்டது. நூறு மீட்டர் வரை பிசகும். அதை நிறுத்திய மறுநாள், மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டுப் பாதி புதைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். விளையாட்டு பிறந்தது அப்படி. இன்றைக்குத் திறந்த வானத்தின் கீழே போனும் சரி, கருவியும் சரி, மூன்றிலிருந்து ஐந்து மீட்டருக்குள் காட்டிவிடும். பெட்டியை வைத்தவர் எண்ணைக் குறித்துக்கொண்டபோது அவருக்கும் அதே பிசகு இருந்திருக்கும். அவர் பிசகும் உன் பிசகும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் பத்து மீட்டர் ஆகிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அவருடைய பாதியை நீ சரிசெய்ய முடியாது.

'மல்டிபேண்ட்' என்று உன் மூன்றாவது லிங்க் பெருமையடிக்கிறது. அது வெறும் பேச்சில்லை. எம்.ஜி. ரோட்டின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே நின்றால் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேரும். கருவி அந்தக் கூடுதல் தூரத்தையும் உண்மை என்று நம்பிவிடும். இரண்டு அலைவரிசையில் கேட்கும் கருவி இதில் குறைவாக ஏமாறும். ஆனால் இந்த வசதி 2018-லேயே ஒரு ஷியோமி போனில் வந்துவிட்டது. உன் போனிலும் இருக்கிறதா என்று முதலில் பார். பெட்டி தேடுகிறவர்கள் கண்ணாடிக் கட்டடத்துக்கு நடுவில் எத்தனை நாள் நிற்கப் போகிறார்கள்?

நான் பிடிவாதமாக இருப்பது திசைகாட்டி விஷயத்தில். உன் முதல் லிங்க், கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ். கலர் திரை, வரைபடம், இரண்டு செல்லில் 25 மணி நேரம். பார்த்ததும் பிடித்துப்போகும். ஆனால் அதில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. அதனால் என்ன ஆகும் தெரியுமா? எங்கே நிற்கிறோம் என்பது கருவிக்குத் தெரியும். எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறோம் என்பது தெரியாது. நீ நடந்துகொண்டிருந்தால், சற்றுமுன் இருந்த இடத்தையும் இப்போதைய இடத்தையும் சேர்த்துப் பார்த்துத் திசையை ஊகித்துக்கொள்ளும். நின்றாயோ, ஊகிக்க ஒன்றுமில்லை. அம்புக்குறி இஷ்டத்துக்குச் சுழல ஆரம்பித்துவிடும். காரோட்டிக்கு இது குறையே இல்லை, மலையேறுகிறவருக்கும் பெரிதில்லை. பெட்டி தேடுகிறவளோ கடைசிப் பத்து மீட்டரில்தான் நிற்பாள், திரும்புவாள், குனிவாள். அம்பு மிக அவசியமான அந்த நேரத்தில்தான் அது பைத்தியம் பிடித்து ஆடும். கப்பன் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்களுக்கும் மூங்கில் புதர்களுக்கும் அடியில் சமிக்ஞையும் மங்கினால் கேட்கவே வேண்டாம்.

அதே குடும்பத்தில் 32எக்ஸ் மாடலில் மூன்று அச்சுத் திசைகாட்டி உண்டு. 2023-ல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ-யிலும் உண்டு. அதன் திரை கறுப்பு வெள்ளைதான், ஆனால் இரண்டு டபுள் ஏ செல்லில் 168 மணி நேரம் ஓடும் என்கிறது கம்பெனி. பாதி நேரம் ஓடினாலே உனக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை கழியும். பெட்டி விவரங்களைப் போன் வழியாக வாங்கிக்கொள்ளவும் செய்யும். என் ஓட்டு இதற்கே. வரைபடம் வேண்டுமானால் போனில் பார்த்துக்கொள்; இரண்டும் பையில் இருக்கத்தான் போகின்றன.

வாங்கியதும் மூன்று வேலை. செல் மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியை அளவுசரிசெய்ய வேண்டும். கருவி சொல்கிறபடி மூன்று பக்கமும் சுழற்றினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஸ்கூட்டரில் மாட்டியிருக்கும் காந்த ஹோல்டர் பக்கத்தில் அதைச் செய்யாதே. ரீசார்ஜ் செல் போட்டால், செட்டிங்கில் செல் வகையையும் மாற்று. இல்லாவிட்டால் அல்கலைன் என்று நினைத்துக்கொண்டு, நிறைய இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகப் புலம்பும். முதல் நாள் மொட்டைமாடியில் கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டு வா. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே என்ற முழுப் பட்டியலும் ஒரு சுற்று வந்து சேரவே பன்னிரண்டரை நிமிஷம் ஆகும்.

அடுத்தது அட்சரேகை தீர்க்கரேகை எண். புதிதாக வருகிறவர்கள் கருவியைத் திட்டுகிற பாதிச் சமயம் குற்றம் இங்கேதான் இருக்கும். இந்த விளையாட்டில் டிகிரி, நிமிடம், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். வடக்கு 12° 57.300 என்றால் ஐம்பத்தேழு நிமிடமும் அதற்கு மேல் பத்தில் மூன்று பங்கும். இதை 57 நிமிடம் 30 விநாடி என்று படித்தால் ஐம்பத்தேழரை நிமிடம் ஆகிவிடும். வித்தியாசம் 0.2 நிமிடம், தரையில் சுமார் 370 மீட்டர். பெட்டி பூங்காவுக்குள்ளே, நீ பஸ் ஸ்டாண்டில்! கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட இல்லை. முதல் இலக்கங்களில் கண் வை.

அதே செட்டிங் பக்கத்தில் 'டேட்டம்' என்றொரு பட்டியல் இருக்கும், அதில் இந்தியா என்று தொடங்கும் பெயர்களும் இருக்கும். நாம் இந்தியாவில்தானே இருக்கிறோம் என்று அதைத் தேர்ந்தெடுத்துவிடாதே. அது பழைய சர்வே உலகம். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமக்கவைத்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்தார். 1804-ல் நம் பெங்களூருக்குப் பக்கத்தில் இன்னொரு கோட்டைத் தரையில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். ஏழு மைல் கோட்டில் சில அங்குலம்தான் பிசகு! அந்த மனிதருக்கு மல்டிபேண்ட் தேவைப்படவில்லை. அந்த நில அளவைக்கு அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தியாவுக்குப் பொருந்துமாறு பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடங்கள் அதன்மேல் எழுந்தவை. ஜிபிஎஸ் கணக்கிடும் பூமி வேறு. ஒன்றில் எடுத்த எண்ணை இன்னொன்றில் போட்டால் நம் ஊரில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். டபிள்யூஜிஎஸ் 84 என்று இருப்பதைத் தொடாமல் விட்டுவிடு.

நம் நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக் உள்ள கருவிதான் வேண்டும் என்று எழுதியிருந்தாய். இஸ்ரோ ஊரில் வேலைக்கு வந்தவளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். நாவிக்கை நடத்தும் மையம் இங்கே பயலாலுவில்தான் இருக்கிறது. ஆனால் அதன் செயற்கைக்கோள்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. முதலாவதின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின, 2017-ல் மாற்றாக அனுப்பியது வெப்பக் கவசத்திலிருந்து வெளியே வரவில்லை, 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இருந்தால் நல்லது, அதற்காகக் கூடுதலாக ஆயிரக்கணக்கில் கொடுக்காதே. தேசப்பற்றைக் காட்ட இலவச வழி ஒன்று இருக்கிறது. கருவியில் 'வாஸ்' என்றிருப்பதை ஆன் செய்து வை. ஜிபிஎஸ் பிசகைத் திருத்தும் சமிக்ஞையை அது பெறும்; நம் நாட்டில் அதை அனுப்புவது ககன். விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தது. அதன் கட்டுப்பாட்டு மையம் குந்தலஹள்ளியில் இருக்கிறது, உன் ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்குப் போகிற வழி.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது தப்பே இல்லை. செல் வைக்கும் இடத்தைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார், ஓரத்து ரப்பர் உரிந்திருக்கிறதா என்று தடவிப் பார். பிறகு வெளியில் ஆன் செய்து தேதியைப் பார். ஜிபிஎஸ் 1024 வாரத்துக்கு ஒருமுறை வாரக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். சில பழைய கருவிகள் அதற்குப் பிறகு இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. இடத்தைச் சரியாகக் காட்டினாலும், தேதியை இப்படித் தப்பாகக் காட்டும் கருவிக்குக் கம்பெனி கைகழுவிவிட்டது என்று அர்த்தம். விலையைப் பாதியாகக் கேள்.

பெட்டிகள் குறைவு என்று சோர்ந்துபோனால் குணிகலுக்குப் போ. வடக்கு 13 டிகிரியும் கிழக்கு 77 டிகிரியும் சந்திக்கும் புள்ளி அந்த ஊருக்குப் பக்கத்தில் விழுகிறது. இப்படி முழு டிகிரிகள் வெட்டும் இடங்களைத் தேடிப் போய்ப் படமெடுப்பவர்கள் 1996 முதல் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புள்ளி ஒருவருடைய நிலத்தில் விழுந்தால் உள்ளே போகுமுன் கேட்டுவிடு.

நீயே பெட்டி ஒளிக்கும் நாள் வரும்போது இதையும் மனதில் வை. வெளிநாட்டில் பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியை மரத்தடியில் வைப்பார்கள். நாம் 2008-ன் தொடர் குண்டுவெடிப்பையும், 2014-ல் சர்ச் ஸ்ட்ரீட்டையும், 2024 மார்ச்சில் ராமேஸ்வரம் கஃபேயையும் பார்த்த ஊர். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற டப்பா, மேலே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இது என்ன என்று ஒரு சீட்டு, இடத்துக்காரரின் சம்மதம், இவை மூன்றும் இல்லாமல் வைக்காதே. மெட்ரோ, எச்.ஏ.எல். மதில், ராணுவ இடம் எதன் பக்கமும் வேண்டாம். எங்கள் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம் இருக்கிறது. அதன் வேலியோரம் கையில் கருவியோடு ஒருத்தி புதரைத் துழாவினால் காவலில் இருப்பவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும்.

கடைசியாக ஒன்று, ஆனால் இதைத்தான் இன்றைக்கே செய்ய வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து வருகிற உன் அண்ணன் கருவி வாங்கி வருவதாகச் சொன்னாய். அங்கே வாங்கினால் உள்ளே இருப்பது அமெரிக்க வரைபடமாக இருக்கும், அது பரவாயில்லை. இந்தியாவுக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இலவசமாகக் கிடைக்கிறது. வாரண்டி இங்கே செல்லுமா என்று மட்டும் கேட்கச் சொல். ஆனால் 66ஐ, 67ஐ என்று எண்ணுக்குப் பின்னால் 'ஐ' ஒட்டிய மாடல்களும், 'இன்ரீச்' என்று பெயர் போட்டவையும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும். உரிமம் இல்லாமல் அவற்றை நம் நாட்டில் வைத்திருப்பது சட்ட விரோதம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இதே வகைக் கருவியோடு ஒரு வெளிநாட்டுப் பயணி பிடிபட்டார்.  வெறுமனே இடம் காட்டும் கருவிக்கு அந்த உரிமம் தேவையில்லை. உன் அண்ணன் எதையும் பெரிதாகவே வாங்குகிறவன். ஆர்டர் போடுமுன் மாடல் பெயரை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா