மலையடிவாரத்து வீடுகள் விலங்குக்குக் கற்றுக்கொடுக்காமல் இருக்க

2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருக்களில் ஓடியதை இந்தப் பள்ளத்தாக்கில் மறந்தவர் இல்லை. அதில் அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்தார். 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5-ல் மயக்க ஊசி செலுத்தி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சின்னக்கானல் பக்கம் வீடுகளையும் பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகிய யானை அது. சுவரை இடித்தால் அரிசி கிடைக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் அந்த அரிசியே அதற்குக் கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்பே ஏப்ரல் 29-ல் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டும், ஒரு மாதத்துக்குள் மேகமலை வழியாக ஊருக்குள் வந்துவிட்டது.

பலன் கிடைத்த செயலை எந்த உயிரும் திரும்பச் செய்யும். யானையைப் பிடிப்பது வனத்துறையின் வேலை. அதற்குப் பலன் கொடுக்காமல் இருப்பது சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் குடியிருக்கிற நம் வேலை. குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். விலங்கு எந்த நேரம் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது, எதைத் தின்றுவிட்டுப் போகிறது? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம். கொய்யா தின்ன வருகிறது என்று நினைத்திருப்பீர்கள். கொல்லையில் கொட்டிய பழைய சோற்றுக்கு வந்துகொண்டிருக்கும்.

அடுத்து அந்தப் பலனை எடுத்துவிடுங்கள். அரிசி, உப்பு, வெல்லம் மூன்றையும் பின்சுவரை ஒட்டி வைக்காமல், வீட்டின் நடு அறையில் இறுக மூடும் டிரம்மில் வையுங்கள். பலாவைப் பழுத்து மணக்கும் முன்பே இறக்கிவிடுங்கள். வாழைக் கழிவையும் கழித்துப்போட்ட திராட்சைக் குலையையும் வரப்பில் விடாதீர்கள்.

சத்தத்தையும் கவனிக்க வேண்டும். மணியோசைக்கும் உணவுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு எச்சில் ஊறிய பாவ்லவின் நாயைப் பள்ளியில் படித்திருப்போம். சுருளி அருவிக் குரங்குக்கு அந்த மணி, கேரிபேக் சரசரப்பு. அங்கே போகும்போது தின்பண்டத்தைத் துணிப்பையில் போட்டு, வாய் கட்டி எடுத்துப் போங்கள்.

இனிமேல் சொல்வதுதான் கடினமானது: உணவு கிடைப்பதைத் தெரு முழுக்க ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஏன் என்பதை ஒரு பழைய சோதனை காட்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும்படி பெட்டி செய்து ஆராய்ந்தவர். உருண்டைகளை அவரே செய்ய வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை கையிருப்பு குறைந்துவிட, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தராமல் நிமிடத்துக்கு ஒன்று மட்டும் தந்தார். எலிகள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. எப்போதும் கிடைத்து வந்தது நின்றுபோனால் விலங்கு சீக்கிரம் கைவிடும். எப்போதாவது கிடைத்தது நின்றால் நெடுநாள் முயன்று பார்க்கும். ஒன்பது வீடு கதவைச் சாத்தி, பத்தாவது வீட்டுப் பாட்டி வெள்ளிக்கிழமை மட்டும் வாழைப்பழம் வைத்தால், அந்தப் பழம்தான் குரங்கை வாரம் முழுக்கத் தெருவில் நிறுத்தி வைக்கிறது. பாட்டியின் இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் அவரிடம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். கம்பம்–குமுளி சாலையில் கடை வைத்திருப்பவர்கள், பழம் வீசும் ஐயப்ப பக்தர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: "சாமி, வேணாம் சாமி, ரோட்டுக்கு வந்து அடிபட்டுச் செத்துப்போகுது."

நிறுத்தியதும் தொல்லை உடனே குறையாது, முதலில் கூடவும் செய்யலாம். குரங்கு கூரை ஓட்டைப் பிரிக்கும், கதவை ஆட்டும், கையில் இருப்பதைப் பிடுங்கும். வழக்கமான பலன் நின்றதால் இன்னும் வேகமாக முயல்கிறது. நம் வழி சரி என்பதற்கு அதுவே அடையாளம். பொறுக்க முடியாமல் அன்றைக்கு ஒரு பழம் தூக்கிப் போட்டால், இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தால்தான் கிடைக்கும் என்று புதுப்பாடம் நடத்திவிட்டோம். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வேட்டுச் சத்தத்தை நம்பாதீர்கள். நாலு நாள் வெடித்தும் எதுவும் ஆகவில்லை என்றால் அந்தச் சத்தமும் பழகிப்போகும். யானை என்றால் வேட்டும் வேண்டாம், செல்போனோடு கூட்டமும் வேண்டாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தோட்ட வேலியில் வீட்டு மின்சாரத்தை இழுத்துவிடுவது சட்டப்படி குற்றம். அதில் மனிதரும் சாகிறார்கள்.

டிரம் மூடியைச் சரிபார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூடியிருந்தால் அப்போதே பாராட்டுங்கள். மாதக் கடைசியில் வாங்கித் தரும் பரிசைவிட உடனே சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பலம் அதிகம்.

குரங்கு சில மாதம் வராமல் இருந்துவிட்டு ஒருநாள் பழைய இடத்தை எட்டிப் பார்க்க வரும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டத்தோடு சாலையில் பழம் விழத் தொடங்கும்போது வீட்டுப் பக்கமும் வந்து பார்க்கலாம். அன்றைக்கும் டிரம் மூடியே இருக்கட்டும்.