பயிரழிவும் சட்டமும்

காங்கேசன்துறையைச் சூழ்ந்த செம்மண் நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழையும் கிணற்று நீரை நம்பியே விளைகின்றன. பகை கொண்ட ஒருவன் ஓரிரவிற் கத்தியொன்றால் அழித்துவிடக் கூடியது அயலவனின் ஒரு பருவ உழைப்பு முழுவதுமாம். இத்தகைய செயலுக்கு ஆங்கில ஆட்சியார் விதித்த தண்டனை யாது, அதனை எவ்வளவுகோல் கொண்டு அளந்தனர் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுவாம்.

ஆங்கில நாட்டிலே 1723ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்' வளர்ப்பு மரத்தை வெட்டியவனுக்கும், மாட்டை ஊனப்படுத்தியவனுக்கும், வைக்கோற்போருக்குத் தீயிட்டவனுக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1823இல் அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. பின்வந்த 1861ஆம் ஆண்டுச் சட்டம் உயிர்த்தண்டனையை விதிக்கவில்லையாயினும், பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டியே தண்டித்தது. பியர் வடித்தற்குரிய ஹொப் கொடியை அறுத்தவன் 14 ஆண்டு வரை கடுஞ்சிறை புகலாம். தோட்டத்துக் காய்கனியை அழித்தவனுக்கோ முதன்முறை ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. எவருடைய பயிர் எவருக்குப் பெரிதாகத் தோன்றிற்று என்பது இப்பட்டியலிலே தெற்றெனப் புலப்படுகின்றது.

மெக்காலே பிரபுவின் குழுவினர் 1837இல் வரைந்து, 1860இற் சட்டமாகிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை இம்முறையைக் கைவிட்டது. இலங்கையின் 1883ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தழுவியது. 'மிஸ்சீப்' என ஆங்கிலத்திற் கூறப்படும் இக்குற்றத்தை எமது கோவையின் 408ஆம் பிரிவு வரையறுக்கின்றது. அங்கே பயிர்ப் பட்டியல் இல்லை. செய்தவனின் மனநிலையே முதன்மை பெறுகின்றது. பிறருக்கு முறையற்ற நட்டம் விளைப்பதற்கு எண்ணியோ, விளையுமென்று அறிந்தோ செய்தல் வேண்டும். இதனாலே, ஆங்கிலச் சட்டம் பெயர் சொல்லாத புகையிலையும் வெற்றிலையும் காப்புப் பெற்றன. இந்தியக் கோவை காட்டும் உதாரணங்களுள் ஒன்று, அயலான் பயிர் கெடுமென அறிந்து மாட்டை அவன் வயலுட் புகவிடுதலாம். வேலிப்பொட்டால் தானே நுழைந்த கட்டாக்காலி மாடு இதனுள் அடங்காது; அதற்கு 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டம் வேறாக உண்டு. மாட்டுக்காரன் வேண்டுமென்றே விட்டானா, வேலிதான் பழுதா என்பதே வழக்கின் உயிர்நிலை. இதனை மெய்ப்பித்தல் எளிதன்று.

எம்மவர்க்கு மிகவும் பொருந்துவது கிணறு பற்றிய பகுதியாம். யாழ்ப்பாணத்திலே பங்குக் கிணறுகள் பல. முறை வைத்து நீர் இறைப்பர். துலாவை முறித்தவன், "இதில் எனக்கும் பங்குண்டே" என்று வாதிட்டால் தப்புவானா? தப்பான். தனக்கும் பிறர்க்கும் பொதுவான உடைமைமீதும் இக்குற்றம் நிகழலாமென அக்கோவை வெளிப்படையாகவே விளக்குகின்றது. அன்றியும், வேளாண்மைக்குரிய நீரைக் குறைப்பதற்கு இந்தியக் கோவையின் 430ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை விதித்தது. சாதாரண சேதத்துக்கோ மூன்று மாதமே எல்லையாயிருந்தது. நீரின் அருமையைச் சட்டம் வகுத்தோர் நன்கறிந்திருந்தனர்.

குறைபாடு பண அளவையிலேதான் உளது. நட்டம் 50 ரூபாவை எட்டினால் இரண்டு ஆண்டு, எட்டாவிடின் மூன்று மாதம் என்பது ஏற்பாடாயிருந்தது. மேடையில் நிற்கும் புகையிலை நாற்றுக்கு அக்காலச் சந்தை விலை மிகச் சிறிது. அதனை இழந்தவனுக்கோ அவ்வாண்டு நடுகையே இல்லை. நாற்றின் விலையை நீதவான் மதிப்பிடலாம், தவறிய பருவத்தை எங்ஙனம் மதிப்பிடுவது? பிற்காலத்திற் பணமதிப்பு வீழவே அந்த 50 ரூபா தன் பொருளையே இழந்தது. ஆயினும் இந்தியாவில் அது 2024 யூன் இறுதிவரை மாறாதிருந்து, பின்னரே புதிய சட்டத்தால் 20,000 ரூபாவாயிற்று.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். எல்லைக்குறியை அழித்தலுக்கென இந்தியக் கோவையிலே தனிப் பிரிவு இருந்தது. அது அரச அலுவலரின் அதிகாரத்தால் நாட்டிய குறியை மட்டுமே காத்தது. எம் முன்னோர் எல்லையாகக் கொண்டது பூவரசும் கிளுவையும் நிரைத்த வேலி. 1990இல் வலிகாமம் வடக்கினின்று இடம்பெயர்ந்தோர், நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபின் திரும்பியபோது, பலர் வேலியையும் காணார், கிணற்றையும் காணார். இரவிற் கத்தியோடு வந்த அயலவனை மனத்துட்கொண்டு எழுதிய பிரிவுகள் இவ்வழிவுக்கு எட்டவில்லை. உறுதியும் நில அளவைப் படமும் கைவசம் உடையோர் அவற்றைக்கொண்டு எல்லை காண முயன்றனர். ஏனையோர்க்கு, வேலி நின்ற இடத்தை நினைவிற் கொண்ட முதியோரின் சொல்லே சான்றாயிற்று.