ஏரி குளங்களில் விராலும் வாளையும்: பருவத்துக்கேற்ற தூண்டிலிரை

தமிழ்நாட்டு ஏரி குளங்களில் கட்லா, ரோகு, மிருகால் முதலிய கெண்டையினக் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குடியானவர்களுக்கு அடிக்கடி நேரும் ஏமாற்றம் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விடுகின்றனர். கோடையில் வலையிடும்போது அவற்றுள் சிறு பங்கே அகப்படுகின்றது. குஞ்சுகள் நோயால் மாண்டன என்றும், கலங்கல் வழியே வெளியேறின என்றும் கருதுவது வழக்கம். அவ்வாறு நேர்வதும் உண்டு. எனினும் பல இடங்களில் உண்மையான காரணம் குளத்தினுள்ளேயே இருக்கின்றது. முன்னரே குடியிருக்கும் விராலும் வாளையும் புதிதாக விடப்பெற்ற குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடுகின்றன.

சிறு நாற்றங்காற் குளமாயின், குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு இம்மீன்களை அடியோடு ஒழிக்கலாம். ஓர் ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்குச் சுமார் 1,000 கிலோ பிண்ணாக்கு வேண்டும். இதன் நஞ்சு இரண்டு மூன்று வாரங்களில் நீங்கி, பிண்ணாக்கு பின்னர் எருவாகப் பயன்படும். ஆனால் கால்நடை நீர் குடிக்கும் ஊர்ப் பொதுக்குளத்திலும், பாசன ஏரியிலும் இம்முறை தகாது, செலவும் மிகும். பாசியும் தாமரையும் அடர்ந்த இடத்தில் வலையும் செல்லாது. இத்தகைய நீர்நிலைகளுக்கு ஏற்ற எளிய கருவி தூண்டிலே. விராலும் வாளையும் நல்ல விலைபோகும் மீன்களாதலின், குஞ்சைக் காப்பதோடு கைக்கு வருவாயும் கிடைக்கும். குளம் குத்தகைக்கு விடப்பட்டிருப்பின், குத்தகைதாரரின் சம்மதம் பெற்றே தூண்டிலிடல் வேண்டும்.

இரு மீன்களின் இயல்பு

இரையைத் தெரிந்தெடுக்குமுன் மீனின் இயல்பை அறிதல் அவசியம். விரால் கண்ணால் இரை தேடும் மீன். கரையோரப் புல், தாமரையிலை, வேர்மறைவு ஆகிய இடங்களில் அசைவற்று நின்று, அருகில் வரும் சிறுமீன், தவளை, இறால், பூச்சி ஆகியவற்றைத் திடீரெனப் பாய்ந்து கவ்வும். செவுளால் சுவாசிப்பதோடு, நீர்மட்டத்துக்கு வந்து வெளிக்காற்றையும் உட்கொள்ளும். ஆகவே பிராணவாயு குறைந்த கலங்கல் நீரிலும் பிழைத்திருக்கும். குளம் வற்றினால் ஈரச்சேற்றினுள் புதைந்தும் உயிர் காக்கும்.

வாளை இதற்கு மாறானது. செதிலற்ற உடலும், அகன்ற வாயும், நீண்ட மீசையும் உடையது. பகலில் ஆழமான மடுவில் ஒதுங்கி, இரவில் இரை தேடும். மணத்தாலும் மீசையின் தொடுவுணர்வாலும் இரையை அறியும். வெளிக்காற்றைச் சுவாசிக்க இயலாது. ஆதலால் நீர் குறையுங்கால் விராலினும் முன்னதாகத் தளரும். விராலுக்குக் கண்ணைக் கவரும் இரையும், வாளைக்கு மணமுள்ள இரையும் வேண்டுமென்பது இதனால் விளங்கும்.

பருவந்தோறும் இரை

*தை, மாசி:* மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, குளிர்ச்சியாக இருக்கும் காலம் இது. குளிர்ந்த நீரில் மீனின் செரிமானம் மந்தப்படுவதால் பசி குறையும். தொலைவிலுள்ள இரையைத் துரத்திச் செல்லாது. விடியற்காலையைவிட, வெயில் ஏறி நீர் சற்றுச் சூடேறிய நேரமே தகுந்தது. சிறு அயிரை, சிறு கெண்டை, மண்புழு ஆகியவற்றைத் தக்கையின் கீழே தொங்கவிட்டு மெதுவாக நகர்த்தல் வேண்டும். தெளிந்த நீரில் தடித்த தங்கூசி மீனுக்குத் தெரியுமாதலின் மெல்லியதே நன்று.

*பங்குனி முதல் வைகாசி வரை:* ஏரி சுருங்கி, மீன் யாவும் எஞ்சிய நீரில் நெருங்கும். விராலுக்கு இதுவே சிறந்த பருவம். காலை வெயில் ஏறுமுன்னும், மாலை வெயில் தணிந்த பின்னும் பாசி விளிம்பிலும் இலைகளின் இடைவெளியிலும் தவளையோ பொய்த்தவளையோ இட்டுத் துள்ளத் துள்ள இழுத்தால் விரால் மேலெழுந்து பாயும். நண்பகலில் அது மறைவில் ஒதுங்கும். இலைச் செறிவினூடே இரையை நேராக இறக்குவது பயன் தரும். அடுத்த மழைக்குக் குஞ்சு விட எண்ணியவர், இப்பருவத்திலேயே இயன்றவரை ஊனுண்ணி மீன்களைக் குறைத்தல் வேண்டும். ஏரி முற்றும் வற்றியதென்று நம்பி வாளாவிருத்தல் தவறு. சேற்றிலுள்ள விரால் முதல் மழையிலேயே வெளிவரும்.

*ஆனி முதல் ஆவணி வரை:* காவிரிப் பாசனப் பகுதிகளில், 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறுவதுண்டு. புதுநீரோடு வாளை வாய்க்கால்களில் ஏறிவரும். மதகு, தடுப்பணை, வாய்க்கால் குளத்தில் விழுமிடம் ஆகியவை அதைப் பிடிக்கத்தக்க இடங்கள். நீர் கலங்கியிருப்பதால் பளபளப்பான தகட்டினும், வெட்டிய மீன்துண்டு, கோழிக்குடல், மண்புழுக் கொத்து ஆகிய மணமுள்ள இரைகளே சிறந்தவை. ஈயக்குண்டு கட்டி அடித்தரையில் கிடக்குமாறு, அந்தி முதல் இரவு வரை இடல் வேண்டும். காற்று மிகுந்து நீர்மட்டம் அலையாடும் நாளில் மேல்மட்ட இரை விராலின் கண்ணுக்குப் புலப்படாது. சற்றுக் கனத்த இரையை நீருள் இழுப்பதே தக்கது.

*புரட்டாசி முதல் மார்கழி வரை:* வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பி, மீன்கள் பரந்து சிதறும். நீர் வந்து விழுமிடங்களில் மண்புழு நன்கு பயன்படும். விரால் குஞ்சு பொரிக்கும் காலமும் இதுவே. இப்பருவத்தில் கைக்கொள்ளத்தக்க எச்சரிக்கை பின்னர்க் கூறப்படும்.

பொய்யிரைகள்

கடைகளில் விற்கும் பொய்யிரைகளுள் மூவகை இந்நாட்டு நீர்நிலைகளுக்குப் பொருந்தும். முதலாவது கரண்டித்தகடு. காம்பற்ற கரண்டி போன்ற இத்தகட்டுக்கு அமெரிக்கரான ஜூலியோ பியூயெல் 1852-இல் காப்புரிமை பெற்றார். இழுக்கும்போது அது புரண்டு மின்னிச் சிறுமீன் போலத் தோன்றும். தெளிந்த நீரில் வெள்ளி நிறமும், சற்றுக் கலங்கிய நீரில் பித்தளை நிறமும் இடுவது தூண்டிற்காரர் வழக்கம். இரண்டாவது சுழல்தகடு; இது சுழன்று நீரை அதிரச் செய்வதால் மங்கிய நீரிலும் மீன் உணரும். மூன்றாவது ரப்பர்த் தவளை. முள் உடலோடு ஒட்டி மறைந்திருப்பதால் பாசியில் சிக்காது. இம்மூன்றும் விராலுக்கே மிகுதியும் ஏற்றவை.

உயிர்த்தவளையினும் ரப்பர்த் தவளை விவசாயிக்கு நலம். வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தவளை உண்கின்றது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் தடை செய்ததற்கும் தவளையினம் குறைந்து வந்ததே காரணமாயிற்று. விராலுக்காக வயலின் காவலனைக் கொல்லுதல் வரவினும் செலவு மிகுந்த காரியமாகும்.

பொய்யிரைக்கும் உண்மையிரைக்கும் முள்ளை ஏற்றும் முறையில் வேறுபாடுண்டு. உண்மைத் தவளையைக் கவ்விய விராலுக்கு அதனை வாயினுள் திருப்பிக்கொள்ளச் சில நொடி விட்டுப் பின் சுண்டல் வேண்டும். பொய்யிரையின் போலித்தன்மையை உணர்ந்தவுடன் மீன் உமிழ்ந்துவிடுமாதலின், பாரம் கையில் உணர்ந்ததும் சுண்டல் வேண்டும். வாளையின் கூரிய பற்கள் தங்கூசியை அறுக்கும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி இணைப்பது பாதுகாப்பு.

சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த ஹெச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றியும், 1887-இல் குளத்துத் தூண்டிலைப் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். குளத்து மீனைத் தூண்டிலிட்டுப் பிடித்தல் அக்காலத்திலேயே தனிநூலுக்குரிய பொருளாக மதிக்கப்பட்டமை இதனால் அறியப்படும்.

குஞ்சு காக்கும் விரால்

மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் திரிவதைக் காணலாம். அதன் கீழே தாயும் தந்தையும் சில வாரங்கள் காவலிருக்கும். அவ்வேளையில் கூட்டத்தின் அருகே விழும் எதனையும் பகையென்று எண்ணி அவை தாக்கும், பசியால் அன்று. இதனை அறிந்தோர் அங்கே இரையை எறிந்து பெரிய விராலை எளிதிற் பிடிக்கின்றனர். காவல் நீங்கிய குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. ஒரு நாள் உணவுக்காக அடுத்த ஆண்டின் மீன்வளம் முழுதும் இழக்கப்படுகின்றது.

இங்கே குடியானவர் தம் நோக்கத்தைத் தெளிவாக வகுத்துக்கொள்ளல் வேண்டும். கெண்டைக் குஞ்சு வளர்க்கும் நாற்றங்காற் குளத்தில் விரால் ஒன்றும் இருத்தலாகாது. காவல் விராலாயினும் அகற்றத்தக்கதே. கெண்டை விடப்படாத பொது ஏரியிலோ, விராலே ஊரார்க்கு உணவும் வருவாயுமாதலின், குஞ்சு காக்கும் இணையை விட்டுவைத்தலே அறிவுடைமை. இரண்டும் கலந்த பெரிய ஏரியாயின், விடும் கெண்டைக் குஞ்சு 4 அங்குலத்துக்குக் குறையாமல் வளர்ந்திருத்தல் வேண்டும். அவ்வளவு வளர்ந்தவை பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும்.

வாளையைப் பொறுத்தும் அடக்கம் வேண்டும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவுக்கு இலக்காகக் கூடிய இனங்களுள் சேர்த்துள்ளது. ஆகவே வளர்ப்புக் குளத்தில் அதனை அகற்றுவோர், ஆற்றில் முட்டையிட ஏறும் பெருவாளையை விட்டுவிடுதல் நன்று.

கோடையில் தூண்டிலிட்டுக் குளத்தைத் தூய்மை செய்து, மழையில் வளர்ந்த குஞ்சை விட்டு, பொது ஏரியில் காவல் விராலைக் காப்பவர்க்குக் கெண்டையும் விராலும் ஒருங்கே பலன் தரும்.