“உனக்கு என்ன விடை வந்துச்சு?”

மார்ச் மாத வெயில். மணி ஒன்றே கால். விருதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசல். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம் சேருகிறது.

“ராக்கெட் கணக்குக்கு உனக்கு என்னடா வந்துச்சு?”

“டேன் இன்வர்ஸ் நாலு பை மூணு.”

“எனக்கும் அதேதான்!”

“எனக்குக் காஸ் இன்வர்ஸ் மூணு பை அஞ்சுல்ல வந்துச்சு...”

“போச்சுடா மாப்ளே! அஞ்சு மார்க் அவுட்டு!”

அந்த மூன்றாவது பையன் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். “எல்லாம் போச்சும்மா” என்ற ஒரே வார்த்தைதான். அடுத்த பரீட்சை இயற்பியல். இடையில் கிடைத்த நாட்களில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தானே தவிர, ஒரு பக்கம் நகரவில்லை.

ரிசல்ட் வந்தது. இயற்பியலில் மதிப்பெண் சரிந்திருந்தது. கணக்கில் மனசு ஆறாமல் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தார்கள். ராக்கெட் கணக்குக்கு முழுசாக ஐந்து மதிப்பெண்!

எப்படி?

மூன்று விடை, ஒரே கோணம்

சிவகாசிக்காரர்களுக்கு ராக்கெட் வெடியைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அது பறக்கும் வளைவுப் பாதைக்குக் கணக்குப் புத்தகத்தில் பரவளையம் என்று பெயர். கொளுத்திய ராக்கெட் 6 மீட்டர் தள்ளி, 4 மீட்டர் உச்சியைத் தொடுகிறது. 12 மீட்டர் தள்ளித் தரையில் விழுகிறது. கிளம்பும்போது தரையோடு எத்தனை டிகிரி கோணத்தில் கிளம்பியது? பிளஸ் டூ படித்த எல்லோருக்கும் பழக்கமான கணக்கு இது.

விடையைக் கண்டுபிடித்தபின் ஒரு செங்கோண முக்கோணம் போட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கம் 4, அடுத்துள்ள பக்கம் 3, கர்ணம் 5. டேன் என்று எழுதினால் 4/3. காஸ் என்று எழுதினால் 3/5. சைன் என்று எழுதினால் 4/5. மூன்றும் ஒரே கோணம்தான், சுமார் 53 டிகிரி. மரத்தடியில் நின்ற மூன்று பேருமே சரி!

இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். பிளஸ் ஒன்னில் சைன், காஸ் இரண்டையும் பெருக்கித் தொகையிடச் சொல்வார்கள். அதற்கு ஒருவர் சைன் வர்க்கத்தில் பாதி என்று எழுதுவார். இன்னொருவர் மைனஸ் போட்டுக் காஸ் வர்க்கத்தில் பாதி என்பார். பார்வைக்கு ஏழாம் பொருத்தம். ஆனால் கடைசியில் போடும் மாறிலி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். வெக்டர் பாடத்தில் ஒரே நேர்கோட்டுக்கு நாலு பேர் நாலு விதமாகச் சமன்பாடு எழுதலாம். கோட்டின்மேல் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ஆக, கணக்கில் விடை வேறாக இருக்கிறது என்பதும் விடை தப்பு என்பதும் ஒன்றல்ல. வாசலில் நின்று வாய்வார்த்தையாகப் பேசும்போது இதை யார் முக்கோணம் போட்டுச் சரிபார்க்கிறார்கள்? எவன் சத்தமாகச் சொல்கிறானோ அவன் விடைதான் அன்றைக்குச் சரியான விடை!

தப்பாகவே இருந்தாலும்...

சரி, உண்மையிலேயே கடைசி வரியில் மைனஸ் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் போய்விடுமா? போகாது. கணக்குத் தாள் படிப்படியாகத்தான் திருத்தப்படுகிறது. படம் வரைந்து அச்சைக் குறித்தது, சமன்பாடு அமைத்தது, வகைக்கெழு கண்டது என்று ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. மரத்தடிக் கோர்ட்டில் பகுதி மதிப்பெண் கிடையாது. அங்கே ஒன்று ‘கரெக்ட்’, இல்லாவிட்டால் ‘அவுட்’!

ஒரு மதிப்பெண் கேள்விகள் 20 இருக்கின்றன. “முதல்ல சரியாத்தான் போட்டேன், அடிச்சு மாத்திட்டேன்” என்று தலையில் அடித்துக்கொள்ளாத பிள்ளை உண்டா? 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1,561 மாணவர்களின் விடைத்தாள்களை எடுத்து, அழித்து மாற்றிய விடைகளை எண்ணினார்கள். தப்பிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம். சரியிலிருந்து தப்புக்கு மாறியவை 25 சதவீதம்தான். மற்றவை தப்பிலிருந்து தப்புக்கே மாறியவை. ஆனாலும் மாற்றிக் கெட்டதுதான் மனசில் ஆழமாகத் தங்குகிறது. மாற்றி லாபம் பார்த்ததை மறந்துவிடுகிறோம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

வினாத்தாள் கஷ்டமாக இருந்தால் உடம்பு அதை ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோனும் ஏறுகிறது. அது ஏறியிருக்கும்போது, படித்தது மூளையில் இருந்தாலும் வெளியே எடுப்பது சிரமம். வெளியே வந்து காற்று பட்டதும், “அட, இது எனக்குத் தெரியுமே!” என்று ஞாபகம் வருவது இதனால்தான். அது முட்டாள்தனமல்ல. பதற்றம் இறங்கியதன் அடையாளம்.

இன்னொன்று. முடிக்காமல் விட்ட வேலை, முடித்த வேலையைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்று 1927-ல் எழுதினார் ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண் உளவியலாளர். பாதியில் விட்ட கணக்கும் அப்படித்தான், ராத்திரி முழுக்க ஓடும். அந்த நேரத்தில் நண்பர்களோடு விடையை ஒப்பிடுவது இறங்கிய படபடப்பை மறுபடி ஏற்றிவிடும். பசி போகும், தூக்கம் போகும். தூங்கும்போதுதான் மூளை படித்ததை அடுக்கி வைக்கிறது என்பதால், அடுத்த பரீட்சையும் அடிவாங்கும்.

பயம் பொய்யில்லை, ஆனால்...

“ஒரு மார்க்கில் காலேஜே மாறுதே சார்!” என்பீர்கள். உண்மைதான். பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. அதனால்தான் கணக்கென்றால் இத்தனை கலக்கம். ஆனால் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தால் இன்னொரு 100 இருக்கிறதே! முடிந்த கணக்குக்கு அழுதுகொண்டு, முடியாத அந்த நூறில் கோட்டை விடலாமா?

நம் மாவட்டத்துக்கு ஒரு பாரமும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் பல வருஷம் முதலிடம் பிடித்த ஊர். 2017, 2018, 2023 ஆண்டுகளிலும் மாநிலத்தில் முதலிடம். 2023-ல் 97.85 சதவீதம். பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது நூற்றுக்கு நூறு எடுத்தவர்களின் கணக்கல்ல, தேர்ச்சிக் கணக்கு. கடைசி பெஞ்சுப் பிள்ளையையும் கைவிடாமல் கரையேற்றியதால் வந்த முதலிடம். அந்தப் பெருமையைக் காட்டி ஒரு பிள்ளையைக் கலங்கடித்தால், அந்தப் பெருமைக்கே அர்த்தம் இல்லை.

அன்றைக்கு மாலை வீட்டில்...

* வாசலிலேயே வினாத்தாளை வாங்கிப் புரட்டாதீர்கள். “எத்தனை வரும்?” என்பது முதல் கேள்வியாக இருக்கவேண்டாம். “வா ராசா, கைகால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்பது போதும்.

* மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பிள்ளை. வெயில் வேறு. முதலில் தண்ணீரோ மோரோ கொடுங்கள். பிறகு ரசம் சோறு, தயிர் சோறு மாதிரி எளிதான சாப்பாடு. நம்ம ஊர் எண்ணெய்ப் புரோட்டாவைக் கடைசிப் பரீட்சை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

* அழுதால் அழட்டும். “இதுக்குப் போய் அழுவாங்களா?” வேண்டாம். “கஷ்டமாத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லுங்கள்.

* சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓய்வு. சாயங்காலம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரட்டும். பங்குனிப் பொங்கல் நேரமென்றால் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தாலும் சரி.

* வினாத்தாளை ஓர் உறையில் போட்டு மூடிவிடுங்கள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஆசிரியரோடு உட்கார்ந்து, பேனாவும் தாளுமாகச் சரிபார்க்கலாம். அதுதான் படிப்பு. வாசலில் நடப்பது படிப்பல்ல.

* இரவு பத்து மணிக்குள் விளக்கை அணையுங்கள். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

* பக்கத்து வீட்டு மாமா, போனில் சித்தி என்று யார் விசாரித்தாலும் நீங்களே பதில் சொல்லி முடித்துவிடுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. மரத்தடியில் யாராவது கேட்டால், “பரீட்சை எல்லாம் முடியட்டும், பேசுவோம்டா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். உங்கள் விடை சரியென்று தெரிந்தாலும், அதைச் சத்தமாகச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவனின் அடுத்த பரீட்சையைக் கெடுக்காதீர்கள்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

ஒரு நாள் சோர்வு சகஜம். இரண்டு மூன்று நாளாகியும் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் ஒதுங்கியே இருந்தாலோ, “நான் இருந்து என்ன பிரயோஜனம்?” என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். டாக்டரைப் பாருங்கள். 104 என்ற எண்ணிலும், டெலி மனஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

ரிசல்ட்டில் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்கலாம். தேறாவிட்டால் துணைத் தேர்வு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழி உண்டு, பிள்ளையைத் தவிர.

அந்தச் சிவகாசிப் பையன் இப்போது கல்லூரி முடித்துவிட்டான். அவன் தங்கை பிளஸ் டூ கணக்கு எழுதிவிட்டு வந்த அன்று பள்ளி வாசலில் காத்திருந்தவன் அவன்தான். அவள் வாயைத் திறக்குமுன்னே, “ஒண்ணும் சொல்லாத, முதல்ல சாப்பிடு” என்றானாம்.